கோட்டை ஜார்ஜும் அவர் கூட்டாளிகளும்

தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர்கள் யாரும் "செயலகத்துக்குப் போகிறேன்" என்று சொல்வதில்லை. "கோட்டைக்குப் போகிறேன்" என்றுதான் சொல்வோம். கடிதத் தலைப்பில் மட்டும் முழுப் பெயர் வரும்: புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை 600 009. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த முகவரியைக் கையால் எழுதி, தட்டச்சுக்குக் கொடுத்து, கடைசிக் காலத்தில் கணினியிலும் அடித்தவன் நான். அந்த ஜார்ஜ் யார் என்று எங்கள் பிரிவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் "யாரோ வெள்ளைக்கார ராஜா" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ராஜா இல்லை. 1639 ஆகஸ்டில் தாமர்ல நாயக்கரிடம் அனுமதி வாங்கி, மறு வருஷம் கட்ட ஆரம்பித்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், 1640 ஏப்ரல் 23-ம் தேதி கோட்டையின் முதல் பகுதியை முடித்தார்கள். அன்றைக்கு இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாள். நாம் பிறந்த நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைப்பது போல, அவர்கள் திருநாள் பார்த்து வைத்துவிட்டார்கள். அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் சார்லஸ். ஜார்ஜ் என்ற பெயரில் அங்கே ஒரு ராஜா வருவதற்கு இன்னும் எழுபது வருஷத்துக்கு மேல் இருந்தது.

பக்கத்தில் இருக்கும் ஜார்ஜ் டவுன் கதை வேறு. அது கறுப்பர் பட்டணம் என்ற பெயரில் இருந்த இடம். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியபோது அவர் பெயரை வைத்தார்கள். ஆக, கோட்டை ஜார்ஜ் புனிதர், டவுன் ஜார்ஜ் ராஜா. நடுவில் ஒரு சாலைதான். பினாங்கின் ஜார்ஜ் டவுனும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலமும் ராஜாக்களின் பெயர்தான். காக்கசஸ் மலைப் பக்கம் இருக்கும் ஜார்ஜியா நாட்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். அந்தப் பெயர் பாரசீகர்கள் அந்த மக்களை அழைத்த பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். அவர்கள் தங்கள் நாட்டைச் சொல்வது சகார்த்வெலோ என்று. ஆனாலும் புனித ஜார்ஜ் மேல் அவர்களுக்குப் பக்தி அதிகம். அவர்கள் கொடியில் இருப்பது அவருடைய சிலுவை. தலைநகர் திபிலீசியில் லெனின் சிலை இருந்த சதுக்கத்தில் இப்போது தங்கமுலாம் பூசிய ஜார்ஜ் குதிரையில் நிற்கிறார்.

இந்த ஜார்ஜைத் தேடிப் போனபோதுதான் அவருடைய கூட்டாளிகளும் எனக்கு அறிமுகமானார்கள். கிறிஸ்தவ மரபில் போர்வீரப் புனிதர்கள் என்று ஒரு வரிசையே இருக்கிறது. ஜார்ஜ், மொரீஸ், செபஸ்தியார், மார்ட்டின், பிறகு வலுக்கட்டாயமாகக் குதிரையேற்றப்பட்ட சந்தியாகப்பர். உலக வரைபடத்தில் எங்கே விரலை வைத்தாலும் இவர்களில் ஒருவர் பெயரில் ஓர் ஊரோ தீவோ கோட்டையோ பக்கத்தில் இருக்கும். இவர்கள் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இவர்களில் ஒருவர் கூட சண்டையில் ஜெயித்ததற்காகப் புனிதரானவர் இல்லை. பெரும்பாலும், மாட்டேன் என்று சொன்னதற்காகச் செத்தவர்கள். பிறகு வந்தவர்கள் அவர்கள் கையில் வாளைக் கொடுத்து, கோட்டைக்கும் பிடித்த ஊருக்கும் அவர்கள் பெயரை வைத்தார்கள்.

ஜார்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியான வரலாறு மிகக் குறைவு. மரபு சொல்வது இது: ரோமாபுரிப் படையில் இருந்தவர். 303-ல் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி கிறிஸ்தவர்களை ஒடுக்க ஆணை போட்டபோது, ரோமானியத் தெய்வங்களுக்குப் பலி செலுத்த மறுத்தார். சித்திரவதை செய்து தலையை வெட்டினார்கள். அவ்வளவுதான் ஆரம்பக் கதை. குதிரை, ஈட்டி, டிராகன் எதுவும் அதில் கிடையாது. டிராகனைக் கொன்ற கதை சேர்ந்ததற்கு எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சண்டை போடும் ஜார்ஜ் எப்போது வந்தார்? சிலுவைப் போர்க்காரர்கள் 1098-ல் அந்தியோக்கியாவில் உள்ளே மாட்டிக்கொண்டு பட்டினியில் கிடந்தார்கள். வெளியே வந்து எதிரியை மோதியபோது, மலையிலிருந்து வெள்ளைக் குதிரைகளில் ஒரு படை இறங்கி வந்ததாகவும், அதற்கு ஜார்ஜ், தெமெத்ரியுஸ், மெர்க்குரியுஸ் ஆகிய புனிதர்கள் தலைமை தாங்கியதாகவும் அந்தக் காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பட்டினி கிடந்தவன் கண்ணுக்கு என்னென்னவோ தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலி கொடுக்க மறுத்துச் செத்த மனிதர், அன்றிலிருந்து படைக்கு முன்னால் போகிறவராகிவிட்டார். இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்டு 14-ம் நூற்றாண்டில் தன் வீரர் குழுவுக்கு அவரைக் காவலராக வைத்தார். அங்கிருந்து சோழமண்டலக் கடற்கரை மணலுக்கு வர முந்நூறு வருஷம்.

அவருடைய கல்லறை என்று காட்டப்படுவது இஸ்ரேலில் உள்ள லோத் நகரில். பழைய பெயர் லித்தா. அங்கே ஜார்ஜ் தேவாலயமும் ஒரு மசூதியும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. இரண்டும் பழைய தேவாலயம் ஒன்று இருந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டவை. பெத்லகேம் பக்கத்தில் அல்-ஹதர் என்று ஒரு பாலஸ்தீனக் கிராமம் இருக்கிறது. ஹதர் என்பது இஸ்லாமிய மரபில் வரும் ஹிள்ர். அங்கத்திய மக்கள் அவரையும் ஜார்ஜையும் ஒருவராகவே பார்க்கிறார்கள். அந்த ஊர் ஜார்ஜ் மடத்துக்கு முஸ்லிம்களும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். அங்கே ஒரு சங்கிலி இருக்கிறது. மனநலம் குன்றியவர்களை முன்பெல்லாம் அந்த மடத்தில் கட்டி வைப்பார்களாம். இப்போது பக்தர்கள் சங்கிலியைக் கழுத்து வழியாகப் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்த் தர்காக்களையும் கோயில்களையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஜார்ஜின் பெயர் கொண்ட இடங்களில் என் மனசுக்கு நெருக்கமானது இந்தக் கிராமம்தான். இங்கே அவர் யாரையும் குத்துவதில்லை, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறார்.

அடுத்தவர் மொரீஸ். இவர் கதை கேட்டால் மயிர்க்கூச்செறியும். எகிப்தின் தீப்ஸ் பகுதியிலிருந்து திரட்டிய ஒரு படைப்பிரிவு, முழுவதும் கிறிஸ்தவர்கள். மொரீஸ் அதன் தலைவர். மாக்சிமியன் சக்கரவர்த்தி அவர்களை ஆல்ப்ஸ் மலைக்கு வரவழைத்து, கிறிஸ்தவர்களையே ஒடுக்க உத்தரவிட்டார். மறுத்தார்கள். பத்துக்கு ஒருவராக எண்ணி வெட்டச் சொன்னார். மிச்சம் இருந்தவர்கள் மறுபடியும் மறுத்தார்கள். மறுபடியும் பத்துக்கு ஒருவர். கடைசியில் எல்லோரையும் வெட்டினார்கள். ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை. இதை எழுதி வைத்தவர் 5-ம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராக இருந்த யூக்கேரியுஸ். சுமார் நூற்றைம்பது வருஷம் கழித்து எழுதியது. 6,600 பேர் என்று அவர் சொல்கிற கணக்கை இன்றைய வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. சிலர் ஏதோ ஒரு சிறு குழுவுக்கு நடந்திருக்கலாம் என்கிறார்கள், சிலர் கதையே கற்பனை என்கிறார்கள். ஆனால் கையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டே அதைப் பயன்படுத்தாமல் செத்த வீரர்கள் என்ற எண்ணத்தை ஒருவர் 5-ம் நூற்றாண்டில் எழுதினார், மக்கள் அதைக் கும்பிட்டார்கள் என்பது மட்டும் வரலாறு.

அந்த இடம் சுவிட்சர்லாந்தில் ரோன் ஆறு இரண்டு மலைக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு போகிற ஒரு கணவாய். ஊர்ப் பெயரே சென்-மொரீஸ். பாறையை ஒட்டி 515-ல் பர்கண்டி ராஜா சிகிஸ்முண்ட் நிறுவிய மடம் இன்னும் நடக்கிறது. 2015-ல் 1500-வது ஆண்டு கொண்டாடினார்கள். ஆரம்பத்தில் அங்கே துறவிகள் குழு குழுவாகப் பிரிந்து, இரவு பகல் இடைவெளி இல்லாமல் பாடிக்கொண்டே இருப்பார்களாம். நம் ஊர் அகண்ட நாமம் போல, ஆனால் நூற்றாண்டுக் கணக்கில்.

அதே கணவாயின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இடம் குறுகலாக இருப்பதால் ராணுவத்துக்கு மிக வசதி. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சுவிஸ் ராணுவம் மேலே இருக்கும் பாறையைக் குடைந்து பீரங்கிகளை வைத்தது. அந்தக் கோட்டைத் தொகுதிக்கு என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்? சென்-மொரீஸ் கோட்டை.

ஜெர்மானியச் சக்கரவர்த்திகளும் மொரீஸை விடவில்லை. முதலாம் ஓட்டோ 937-ல் மாக்டபர்க் நகரில் மொரீஸ் பெயரில் மடம் கட்டினார். மொரீஸின் ஈட்டி என்று நம்பப்பட்ட ஒன்றை ஏந்தித்தான் 955-ல் ஹங்கேரியர்களோடு மோதினார் என்பார்கள். அந்த மாக்டபர்க் பேராலயத்தில் 1240-களைச் சேர்ந்த ஒரு கல் சிலை இருக்கிறது. முழுக் கவசம் போட்ட மொரீஸ், முகம் அப்பட்டமான ஆப்பிரிக்கர் முகம். எகிப்தின் தெற்கிலிருந்து வந்தவர் என்பதால் சிற்பி அப்படிச் செதுக்கியிருக்கிறார். படத்தில்தான் பார்த்தேன், ஆனால் ரொம்ப நேரம் பார்த்தேன். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வடக்கு ஜெர்மனியில் ஒரு கறுப்பு வீரரைப் பேராலயத்துக்குள் நிறுத்தி வணங்கியிருக்கிறார்கள். கோபர்க் என்ற நகரத்தின் சின்னத்திலும் மொரீஸின் கறுப்பு முகம்தான். 1934-ல் நாஜிகள் அதை எடுத்துவிட்டு, ஸ்வஸ்திகா போட்ட வாளை வைத்தார்கள். 1945-ல் மொரீஸ் திரும்பி வந்தார்.

செயின்ட் மோரிட்ஸ் என்று பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாடப் போகும் ஊரும் இவர் பெயர்தான். 1928, 1948 குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடந்தது. அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மொரீசியஸ் தீவைப் பற்றிக் கேட்பீர்கள். நேரடியாகப் புனிதர் பெயர் இல்லை. 1598-ல் டச்சுக்காரர்கள் தங்கள் தலைவர் நாசாவ் மொரீஸ் பெயரை வைத்தார்கள். அந்த மொரீஸுக்கு அந்தப் பெயர் அவருடைய தாய்வழித் தாத்தா சாக்சனி மொரீஸிடமிருந்து வந்தது. சாக்சனிப் பக்கம் மொரீஸ் என்று பெயர் வைக்கும் வழக்கம் நம் புனிதரிடமிருந்து. எகிப்திலிருந்து ஆல்ப்ஸ், ஆல்ப்ஸிலிருந்து எல்பா நதிக்கரை, அங்கிருந்து ஹாலந்து, ஹாலந்திலிருந்து இந்து மகாசமுத்திரம். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். இன்றைக்கும் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஒரு பெயர் எத்தனை கை மாறியிருக்கிறது பாருங்கள்.

செபஸ்தியார் நம் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். மரத்தில் கட்டி, உடம்பெல்லாம் அம்பு தைத்த உருவம். கேரளத்தில் அவர் திருநாளையே அம்புப் பெருநாள் என்பார்கள். டயோக்ளீஷியனின் மெய்க்காவல் படையில் அதிகாரியாக இருந்தவர் என்பது மரபு. அம்பு பட்டு அவர் சாகவில்லை என்பது பலருக்குத் தெரியாது. செத்துவிட்டார் என்று விட்டுப் போனார்கள். இரேனே என்ற பெண்மணி எடுத்து வைத்துப் பராமரித்து உயிர் பிழைக்க வைத்தார். குணமானதும் ஊரை விட்டு ஓடாமல், நேரே சக்கரவர்த்தி முன்னால் போய் நின்று, நீ செய்வது அநியாயம் என்றார். இந்த முறை தடியால் அடித்தே கொன்றார்கள். பிழைத்தவர் திரும்பிப் போனது அம்பைவிடப் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. ஓவியர்களுக்கு அம்புதான் பிடித்தது.

ஸ்பெயினில் கடற்கரையோரம் சான் செபஸ்தியான் என்று அழகான ஊர். பாஸ்க் மொழியில் தொனோஸ்தியா. இரண்டும் ஒரே பெயர்தான், நாக்கில் உருண்டு உருண்டு அப்படி ஆகிவிட்டது. 1813 ஆகஸ்ட் 31-ல் நெப்போலியன் படையிடமிருந்து அந்த ஊரை மீட்க வந்த ஆங்கிலேய, போர்த்துகீசியப் படைகள், மீட்ட கையோடு ஊரைச் சூறையாடி, அது எரிந்து சாம்பலானது. தப்பிய ஒரு தெருவுக்கு இன்று "ஆகஸ்ட் 31" என்றே பெயர்.

ஆனால் செபஸ்தியார் பெயர் கொண்ட மிகப் பெரிய ஊர் எது தெரியுமா? ரியோ டி ஜெனிரோ. முழுப் பெயர் சாவ் செபஸ்தியாவ் தோ ரியோ தெ ஜனேய்ரோ. 1565 மார்ச் 1-ல் எஸ்தாசியோ தெ சா என்ற போர்த்துகீசியத் தளபதி நிறுவினார். அந்த வளைகுடாவில் பத்து வருஷமாக உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரர்களை விரட்டுவதற்காக ஏற்படுத்திய பாசறை அது. போர்த்துகல் ராஜா செபஸ்தியாவுக்கு அப்போது பதினோரு வயது. ஜனவரி 20, செபஸ்தியார் திருநாளில் பிறந்ததால் அந்தப் பெயர். ராஜாவுக்கு மரியாதை, புனிதரின் காவல் இரண்டும் ஒரே பெயரில் முடிந்தது.

1567-ல் அதே ஜனவரி 20-ம் தேதி, செபஸ்தியார் நாளிலேயே, பிரெஞ்சுக்காரர்கள் மேலும் அவர்களோடு சேர்ந்த தமோயோ பழங்குடியினர் மேலும் கடைசித் தாக்குதல். போர்த்துகீசியர் பக்கமும் அராரிபோயா தலைமையில் வேறொரு பழங்குடிப் படை இருந்தது. செபஸ்தியாரே படகுக்குப் படகு தாவிச் சண்டை போட்டதாகப் பின்னால் கதை கட்டினார்கள். போர்த்துகீசியர் ஜெயித்தார்கள். ஆனால் எஸ்தாசியோ தெ சாவின் முகத்தில் ஒரு அம்பு தைத்தது. ஒரு மாசம் கிடந்து, பிப்ரவரி 20-ல் இறந்தார். செபஸ்தியார் பெயரில் ஊர் வைத்தவர், செபஸ்தியார் நாளில், அம்பு பட்டு. இதை நாவலில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

அந்தச் சின்ன ராஜா வளர்ந்து என்ன ஆனார்? தன்னைச் சிலுவை வீரராக நினைத்துக்கொண்டு, 1578-ல் பெரும் படையோடு மொராக்கோ போனார். அல்காசர்கிபிர் என்ற இடத்தில் ஒரே நாளில் படை அழிந்தது. ராஜாவும் போனார். வயது 24, வாரிசு இல்லை. இரண்டு வருஷத்தில் போர்த்துகல் ஸ்பெயின் ராஜா கைக்குப் போயிற்று. கொச்சி, நாகப்பட்டினம், கொழும்பில் இருந்த போர்த்துகீசியர்களும் ஒரே நாளில் ஸ்பெயின் ராஜாவின் குடிகளானார்கள். செபஸ்தியாவ் சாகவில்லை, பனிமூட்டத்தில் ஒரு நாள் திரும்பி வருவார் என்று போர்த்துகீசிய மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தார்கள். புனிதர் நிஜமாகவே திரும்பி வந்தவர். அவர் பெயர் வைத்த ராஜா வரவே இல்லை.

இனி சந்தியாகப்பர். இவர் போர்வீரரே இல்லை என்பதுதான் விசேஷம். இயேசுவின் சீடரான யாகப்பர், கலிலேயாக் கடலில் வலை போட்ட மீனவர். கி.பி. 44-வாக்கில் ஏரோது அக்ரிப்பா அவரை வாளால் வெட்டிக் கொன்றதாக விவிலியமே சொல்கிறது. அதாவது இவருக்கும் வாளுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அதுதான். 9-ம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் அவருடைய கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. ஊருக்கு சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்று பெயர். அப்போது ஸ்பெயினின் பெரும் பகுதி முஸ்லிம்கள் ஆட்சியில். 844-ல் கிளாவிகோ என்ற இடத்தில் யாகப்பர் வெள்ளைக் குதிரையில் வந்து மூர்களை வெட்டிச் சாய்த்தார் என்று ஒரு கதை பின்னால் உருவானது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை என்பது இன்றைய ஆய்வாளர்கள் முடிவு. நடக்காத போரில் கிடைத்த பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது: மத்தாமோரோஸ். மூர்களைக் கொல்பவர் என்று பொருள். மீனவருக்கு!

அந்தப் பெயரைக் கூவிக்கொண்டேதான் ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்தில் இறங்கினார்கள். கியூபாவில் ஒரு சந்தியாகோ, டொமினிகன் குடியரசில் ஒன்று, அர்ஜென்டினாவில் ஒன்று. 1541 பிப்ரவரி 12-ல் பெத்ரோ தெ வால்திவியா நிறுவிய சந்தியாகோதான் இன்று சிலி நாட்டின் தலைநகர். ஏழே மாதத்தில், செப்டம்பர் 11-ல், மிச்சிமலோன்கோ தலைமையில் அந்த மண்ணின் மக்கள் வந்து ஊரை எரித்தார்கள். பெருவில் குதிரையின் காலடியில் மூர்களுக்குப் பதிலாகச் செவ்விந்தியர்களைப் போட்டு ஓவியம் வரைந்தார்கள். அந்த மக்கள் செய்தது இன்னும் ஆச்சரியம். துப்பாக்கி சுடும்போது ஸ்பானியர்கள் "சந்தியாகோ" என்று கத்துவதைக் கேட்டு, இது நம் இடித் தெய்வம் இல்யாப்பாவேதான் என்று முடிவு செய்து, தங்கள் தெய்வத்தை அவர் பெயரில் தொடர்ந்து வணங்கினார்கள். மிதித்தவனின் சாமியை அப்படியே தன் சாமியாக்கிக்கொண்ட சாமர்த்தியம்.

மெக்சிகோவில் டெக்சாஸ் எல்லையில் மத்தாமோரோஸ் என்றே ஒரு நகரம் உண்டு. அது சுதந்திரப் போரில் ஸ்பானியர்களை எதிர்த்து நின்று, 1814-ல் சுட்டுக் கொல்லப்பட்ட மரியானோ மத்தாமோரோஸ் என்ற பாதிரியாரின் குடும்பப் பெயர். ஸ்பெயினின் போர்க்கூச்சல் ஸ்பெயினை எதிர்த்தவர் பெயராக அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கொம்போஸ்தெலாப் பேராலயத்துக்குள் வாள் ஓங்கிய குதிரைவீரர் சிலை ஒன்று இருக்கிறது. 2004-ல் அதை அருங்காட்சியகத்துக்கு மாற்றப்போவதாக நிர்வாகம் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் அங்கேயே விட்டுவிட்டார்கள். கீழே வெட்டுப்பட்டுக் கிடக்கும் மூர்களை மட்டும் பூ வைத்து மறைத்தார்கள். கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இந்தத் தீர்வை நான் ரசித்தேன். முடிவெடுக்க முடியாத நிர்வாகம் எங்கேயும் ஒரே மாதிரிதான் யோசிக்கும். அதே ஊருக்கு இப்போது வருஷத்துக்கு நாலு லட்சம் பேருக்கு மேல் யாத்திரை வருகிறார்கள். பெரும்பாலும் நடந்து. அவர்கள் தேடி வருவது கையில் கோலும் தொப்பியில் கிளிஞ்சலும் வைத்த இன்னொரு யாகப்பரை.

நம் மொழியில் சந்தியாகப்பர் என்ற பெயரே அந்த வழியில் வந்ததுதான். போர்த்துகீசியர் வாயிலிருந்து சந்தியாகு, அதோடு நம் அப்பர். குதிரை மேல் வாளோடு அவர் இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஐயனார் ஞாபகம்தான் வரும். யாழ்ப்பாணத்தில் கிளாலி என்ற இடத்தில் கடனீரேரிக் கரையோரம் அவருக்குப் பழைய ஆலயம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை அடைபட்டபோது, குடாநாட்டிலிருந்து வெளியே போக ஜனங்களுக்கு இருந்த வழி அந்தக் கிளாலிக் கடல்தான். இருட்டில், வெளிச்சம் காட்டாமல், சின்னப் படகுகளில், குழந்தை குட்டிகளோடு போனார்கள். கடற்படைச் சூட்டில் நடுக்கடலில் செத்தவர்கள் பலர். அந்தக் கரையிலிருந்து படகேறியவர்களுக்குக் குதிரைவீரரால் என்ன பிரயோஜனம்? அவர்களுக்குத் தேவைப்பட்டவர் படகு தெரிந்த பழைய மீனவர்.

கடைசியாக மார்ட்டின். இவரைத்தான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். மற்றவர்களைவிட இவருக்கு வரலாற்று ஆதாரம் அதிகம். கூடவே இருந்து பார்த்த சுல்பிசியுஸ் செவேருஸ் என்பவர் இவர் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். பெயரே ரோமானியரின் போர்த் தெய்வம் மார்ஸிடமிருந்து வந்தது. அப்பா ராணுவ அதிகாரி, பையனையும் சேர்த்துவிட்டார். அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனைப் பார்த்து, தன் போர்வையை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் வாளைப் பயன்படுத்தியதாக நமக்குத் தெரிந்தது அந்த ஒரு முறைதான். பிறகு வோர்ம்ஸ் அருகே ஜூலியன் படையில் இருந்தபோது, போருக்கு முதல் நாள் வீரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். மார்ட்டின் வாங்கவில்லை, இனிச் சண்டை போட மாட்டேன் என்றார். கோழை என்று திட்டினார்கள். அப்படியானால் நாளைக்கு ஆயுதமே இல்லாமல் முன்வரிசையில் நிற்கிறேன் என்றார். விடிந்ததும் எதிரிகள் சமாதானத்துக்கு வந்துவிட்டதால் அதற்கு அவசியம் வரவில்லை.

பின்னாளில் பிரான்சில் தூர் நகர ஆயரானார். 397-ல் இறந்து, நவம்பர் 11-ல் அடக்கமானார். அவருடைய பாதிப் போர்வையை பிராங்கிய ராஜாக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போருக்குப் போகும்போது முன்னால் தூக்கிக்கொண்டு போனார்கள்! அந்தப் போர்வைக்கு லத்தீனில் காப்பெல்லா என்று பெயர். அதை வைத்த இடம்தான் சேப்பல் ஆனது. பிரான்சில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு சென்-மார்த்தின் என்று பெயர். முதல் உலகப் போர் முடிந்த 1918 நவம்பர் 11-ம் மார்ட்டின் நாள்தான். அதை யாரும் நாள் பார்த்து வைக்கவில்லை.

கரீபியன் கடலில் அவர் பெயரில் ஒரு தீவு. கொலம்பஸ் 1493 நவம்பர் 11-ல் ஒரு தீவைக் கண்டு சான் மார்த்தின் என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது பக்கத்தில் இருக்கும் நெவிஸ் தீவாக இருக்கலாம், வரைபடக்காரர்கள் பெயரைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். தொண்ணூறு சதுர கிலோமீட்டர் கூட இல்லாத தீவு. உப்புக்காக டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். ஸ்பானியர்கள் வெறுத்துப் போய்விட்டுச் சென்றதும், 1648 மார்ச் 23-ல் மற்ற இருவரும் ஒரு குன்றின் மேல் உட்கார்ந்து, போர்வையைப் போலத் தீவை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். வடக்கே சென்-மார்த்தின், பிரான்சைச் சேர்ந்தது. தெற்கே சின்ட் மார்ட்டன், டச்சு ராஜ்யத்தைச் சேர்ந்தது. இந்தப் பக்கத்து மக்கள் அந்தப் பக்கம் சரக்கு கொண்டு போகலாம், மீன் பிடிக்கலாம், உப்பு எடுக்கலாம் என்று அன்றைக்கே எழுதிக்கொண்டார்கள்.

நடுவில் வேலி கிடையாது, சோதனைச் சாவடி கிடையாது. சாலையோரம் 1948-ல், ஒப்பந்தத்தின் முந்நூறாம் ஆண்டுக்காக நட்ட ஒரு கல்தூண் மட்டும் நிற்கிறது. கார்கள் அதைத் தாண்டி இந்த நாட்டிலிருந்து அந்த நாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன.